ஸ்டியரிங் ஆயில்: சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரிக்கு ஒரு பாடம்



துவரம் பருப்பு மூட்டையில் குத்தூசி போட்டு நான்கு பருப்பை உள்ளங்கையில் கொட்டினால், அது எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மாதம் குடோனில் கிடந்தது என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். நல்லெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருந்தால் மூக்கே காட்டிக் கொடுக்கும். ஆனால் அந்தச் சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டியின் பானட்டைத் திறந்து காட்டி, இதில் பிரேக் ஆயில் டப்பா எது, ஸ்டியரிங் ஆயில் டப்பா எது என்று கேட்டால், பாதிப் பேர் டிரைவரின் முகத்தைத்தான் பார்ப்போம். நாமும் 2016-ஆம் ஆண்டு வரை அப்படித்தான் இருந்தோம். அதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. நம் சங்க உறுப்பினர் யாரும் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்றே இதை எழுதுகிறோம்.

நடந்தது இது

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு 1978-ல் சேலம் செவ்வாய்பேட்டையில் தகப்பனார் கடையில் நாம் உட்கார்ந்தபோது, சரக்கு மாட்டு வண்டியில்தான் போயிற்று. மாட்டுக்குத் தீவனம், சக்கரத்துக்கு மை, அவ்வளவுதான் பராமரிப்பு. பிறகு சொந்த வேன் வந்தது. 2016-ல் நம்மிடம் இருந்தது பவர் ஸ்டியரிங் உள்ள ஒரு பிக்கப் வண்டி. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், ஏற்காட்டு மளிகைக் கடைகளுக்கு மைதா, சர்க்கரை, டால்டா, எண்ணெய் டின் ஏற்றி அனுப்பினோம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லோரும் அறிந்ததே. பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் டிரைவர் போன் செய்தார்.

"மொதலாளி, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிருச்சு. ஓரங்கட்டிக் கல்லு வெச்சிருக்கேன். கீழ பூரா ஆயிலு."

மேலே ஏறும்போது நடந்ததால், வேகம் குறைவாக இருந்ததால், மலைப் பக்கம் ஒதுங்க இடம் கிடைத்ததால் ஆள் பிழைத்தார். இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க மனம் வருவதில்லை.

வண்டியைக் கீழே கொண்டு வந்து பார்த்த மெக்கானிக் டப்பாவில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். "இதுல பிரேக் ஆயில் ஊத்தினது யாரு?" என்று கேட்டார். இரண்டு வாரம் முன்பு ஸ்டியரிங் டப்பாவில் ஆயில் குறைந்திருந்ததைப் பார்த்து, வழியில் ஒரு கடையில் "ஸ்டியரிங் ஆயில் கொடுங்க" என்று டிரைவர் கேட்டிருக்கிறார். கடைப் பையன் எடுத்துக் கொடுத்தது பிரேக் ஆயில் பாட்டில். இவரும் ஊற்றிவிட்டார். பம்பின் ஆயில் சீல், ஸ்டியரிங் பாக்ஸின் சீல் எல்லாம் உப்பி, மெத்தென்று ஆகி, அழுத்தம் தாங்காமல் விட்டுவிட்டன. பம்ப் புதிது, ஸ்டியரிங் பாக்ஸ் பிரித்து வேலை, ஓஸ், கூலி என்று பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ஆறு நாள் வாடகை வண்டி. சரக்கு வரவில்லை என்று இரண்டு கடைக்காரர்கள் தீபாவளிச் சரக்கை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

டிரைவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் பேசாமல் நின்றார். கடைசியில், "இதுக்கு என்ன ஆயில்னு யாருமே எனக்குச் சொன்னதில்லீங்க மொதலாளி" என்று மட்டும் சொன்னார். வண்டியோடு வந்த புத்தகம் நம் கல்லாப்பெட்டியின் அடியில், உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. குற்றம் யாருடையது என்று அப்போது புரிந்தது. சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்கவில்லை. அன்று இரவே அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தோம். அதன் பிறகு பட்டறையில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துக் கீழே தருகிறோம்.

பவர் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது?

என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட், சிறிய பம்ப் ஒன்றைச் சுற்றுகிறது. அந்த பம்ப், டப்பாவில் உள்ள ஆயிலை இழுத்து, தடித்த ஓஸ் வழியாக ஸ்டியரிங் பாக்ஸுக்கு அழுத்தத்தோடு தள்ளுகிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே உள்ள ஒரு வால்வு, எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்துக்கு ஆயிலை விட்டு, சக்கரத்தைத் திருப்பத் துணை செய்கிறது. வேலை முடிந்த ஆயில் இன்னொரு ஓஸ் வழியாகத் திரும்பவும் டப்பாவுக்கு வருகிறது. முழுக்கத் திருப்பும் நேரத்தில் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டையும் தாண்டும். நம் வேன் டயரில் வைக்கும் காற்று எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் இது எத்தகைய அழுத்தம் என்பது விளங்கும்.

ஆகவே இந்த ஆயிலுக்கு நான்கு வேலைகள். அழுத்தத்தைக் கடத்த வேண்டும். பம்பின் உட்பாகங்கள் தேயாமல் காக்க வேண்டும். சூட்டை எடுத்துச் செல்ல வேண்டும். ரப்பர் சீல்கள் காயாமலும் உப்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் தொட்டால் எல்லா ஆயிலும் வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நான்கையும் செய்வது அதற்கென்று செய்த ஆயில் மட்டுமே.

இந்த ஏற்பாட்டை 1920-களில் அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் உருவாக்கினார். 1951-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் நாட்டில் லாரி, பஸ்ஸுக்கான பவர் ஸ்டியரிங் கருவிகளைச் சென்னை ராணே குழுமம் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது: நம் வண்டிக்கு ஆயில் உண்டா?

இன்று வரும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றிலும், சில சிறு சரக்கு வண்டிகளிலும் மின்சார மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் வந்துவிட்டது. அவற்றில் ஆயிலும் இல்லை, டப்பாவும் இல்லை. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. ஆயில் உள்ள பவர் ஸ்டியரிங், பிக்கப் வண்டிகளிலும், 407 போன்ற வண்டிகளின் பிந்திய மாடல்களிலும், லாரிகளிலும், பழைய கார்களிலும் காணலாம். பானட்டைத் திறந்து, மூடியில் ஸ்டியரிங் சக்கரப் படம் போட்ட டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புத்தகத்தைப் பாருங்கள். மின்சார ஸ்டியரிங் வண்டிக்கு "ஸ்டியரிங் ஆயில் மாற்றினோம்" என்று யாராவது பில் கொடுத்தால், எந்த டப்பாவில் ஊற்றினீர்கள் என்று கேளுங்கள்.

பிரேக் ஆயில் டப்பா பெரும்பாலும் டிரைவர் பக்கம், பின்சுவரை ஒட்டி இருக்கும். அதன் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். ஸ்டியரிங் டப்பாவிலிருந்து ஓஸ்கள் பெல்ட் ஓடும் பம்ப் பக்கம் போகும். சில வண்டிகளில் டப்பா பம்பின் மேலேயே இருக்கும். இந்த இரண்டையும் டிரைவருக்கு ஒருமுறை தொட்டுக் காட்டிவிடுங்கள்.

எந்த ஆயில்?

நம் கடைக்கு வருபவர் "எண்ணெய் கொடுங்க" என்றால், கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா என்று கேட்கிறோம் அல்லவா? ஸ்டியரிங் ஆயிலும் அப்படியே. முக்கியமாக மூன்று வகை உண்டு.

1. ஏ.டி.எஃப். எனப்படும் ஆயில். ஆட்டோமாடிக் கியர் பெட்டிக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் சிவப்பு நிறம். டெக்ஸ்ரான் II, டெக்ஸ்ரான் III என்று மூடியிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும். நம் நாட்டுச் சரக்கு வண்டிகள் பலவற்றுக்கு இதுவே. டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வகுத்த தரம். மூன்றாம் தரத்துக்கு அந்தக் கம்பெனி உரிமம் கொடுப்பதை 2006-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. ஆயினும் அந்தத் தரத்துக்கு ஏற்றது என்று எழுதிய ஆயில்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன. ஆகவே டப்பா மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், பெயர் பெற்ற கம்பெனி சரக்காகப் பார்த்து வாங்குவது அவசியம்.

2. கார்க் கம்பெனிகள் தம் வண்டிக்கென்றே சொல்லும் ஸ்டியரிங் ஆயில். ஹோண்டாவின் பழைய ஆயில் ஸ்டியரிங் கார்களுக்கு அக்கம்பெனியின் தனி ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஹூண்டாய் கார்களுக்கு பி.எஸ்.எஃப். 3, பி.எஸ்.எஃப். 4 என்று எண்ணோடு குறித்திருப்பார்கள். எண் மாறக் கூடாது.

3. செயற்கை முறை ஹைட்ராலிக் ஆயில். ஜெர்மன் நாட்டுக் கார்கள் பலவற்றுக்கு சி.எச்.எஃப். 11 எஸ் என்ற பச்சை நிற ஆயில் வேண்டும். இதில் சிவப்பு ஆயிலைக் கலக்கக் கூடாது. பழைய பென்ஸோ ஆடியோ செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்கவும்.

நிறத்தைப் பார்த்து ஆயில் வாங்காதீர்கள். மிளகாய்த் தூளுக்குச் சிவப்பு ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும். ஆயிலுக்கும் நிறம் என்பது சாயம்தான். ஒரே நிறத்தில் இரண்டு தரம் உண்டு. ஒரே தரம் இரண்டு நிறத்திலும் வரலாம். மூடியிலும் புத்தகத்திலும் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், அந்த எழுத்தும் எண்ணும் உள்ள டப்பாவைத்தான் வாங்க வேண்டும்.

ஊற்றக் கூடாதவை

பிரேக் ஆயிலை ஸ்டியரிங் டப்பாவில் ஊற்றக் கூடாது. அது வேறு வகை இரசாயனத்தால் ஆனது; ஸ்டியரிங் சீல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நாம் பட்டது அதுதான். இதைவிடக் கொடியது, ஸ்டியரிங் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றுவது. பிரேக்கில் உள்ள ரப்பர் வகைக்கு இந்த ஆயில் ஆகவே ஆகாது. ரப்பர் உப்பி, பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லது பிரேக்கே இல்லாமல் போகும். தவறி ஊற்றிவிட்டால், ஊற்றியது ஒரு கரண்டியே ஆனாலும், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பிரேக்கை மிதிக்காமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைக்க வேண்டும். ஆயிலை எடுத்துவிட்டால் போதும் என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

கியர் ஆயில் இதற்குக் கெட்டி. என்ஜின் ஆயிலை, புத்தகம் சொன்னால் ஒழிய, ஊற்றக் கூடாது. கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கும் சிறு பாட்டில்கள் சில நாள் தாமதிக்கச் செய்யலாம். கிழிந்த ஓஸைத் தைக்கா.

வாரம் ஒரு பார்வை

நம் கடையில் ஞாயிறு காலை இப்போது இது வழக்கமாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். டப்பாவில் மின், மாக்ஸ் என்று இரண்டு கோடு இருக்கும். சிலவற்றில் சூடாக இருக்கும்போது ஒரு கோடு, ஆறியபோது ஒரு கோடு என்று இருக்கும். ஆயில் சூட்டில் பெருகும் என்பதால் இந்த வித்தியாசம்.

2. மூடியைத் திறக்குமுன் துணியால் துடைக்க வேண்டும். நம் வண்டிகளில் மாவுத் தூசும் மிளகாய்த் தூசும் எங்கும் இருக்கும். அதில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் பம்புக்குக் கேடு.

3. மேல் கோட்டுக்கு மேலே ஊற்றக் கூடாது. பெருகி வழிந்து பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். சூடான புகைக் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

4. ஆயிலின் நிலையைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பேறினால் மாற்றும் காலம் நெருங்குகிறது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உடனே மாற்ற வேண்டும். பால் போல் கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கும். நுரை இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. உலோகப் பொடி மினுங்கினால் பம்ப் தேய்கிறது.

5. இரவில் வண்டி முன்பக்கத்தின் அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைத்தால், காலையில் சொட்டு விழுந்திருப்பது தெரியும். நமக்கு அட்டைக்குப் பஞ்சமா?

ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டியரிங் ஆயில், டீசல் போல் செலவாகும் பொருள் அல்ல. அது குறைகிறது என்றால் கசிகிறது என்றே பொருள். மாதா மாதம் ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைச் சாக்கில் அரிசி அளப்பதற்குச் சமம். ஓஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், ஓஸ் வெடித்திருக்கலாம், சீல் போயிருக்கலாம். ஆரம்பத்தில் பார்த்தால் சில நூறு ரூபாயோடு போகும்.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

திருப்பும்போது "ஊய்ய்" என்று முனகும் சத்தம் வந்தால் ஆயில் குறைவு அல்லது காற்று. கிறீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்வு. மெதுவாகப் போகும்போது மட்டும் கனத்தால் ஆயில் குறைவு, பம்ப் தேய்வு இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கனத்தால் எல்லாம் ஆயில் கோளாறு என்று எண்ண வேண்டாம். முன் டயரில் காற்றுக் குறைந்தாலும், கிங்பின் கிரீஸ் இல்லாமல் இறுகினாலும் ஸ்டியரிங் கனக்கும். முதலில் காற்றைப் பாருங்கள்; அது செலவில்லாத வைத்தியம்.

மாற்றும் காலமும் முறையும்

வண்டிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் கணக்கே முடிவானது. மலை ஓட்டமும் சந்து ஓட்டமும் அதிகம் உள்ளதால், நம் வண்டிக்கு 40,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருஷம், எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறையில் டப்பாவில் உள்ளதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றிவிடுவது உண்டு. அப்போது ஓஸிலும் பாக்ஸிலும் உள்ள பழைய ஆயில் அப்படியே இருக்கும். முறையாகச் செய்ய வேண்டுமானால், முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கித் தாங்கு கட்டை கொடுத்து, திரும்பி வரும் ஓஸைக் கழற்றிப் பழையதை வெளியேற்றி, புதிது ஊற்றி, என்ஜின் ஓடாமலே ஸ்டியரிங்கை இரு பக்கமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட் செய்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். காருக்குச் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். லாரிக்கு அதைவிடக் கூடுதல். ஆயில் இல்லாமல் பம்ப் ஓடக் கூடாது. சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். கழிவு ஆயில் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும்.

வாங்கும்போது சீல் உடையாத டப்பா, பாச் எண், தயாரித்த மாதம், கம்பெனி முகவரி பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லூஸில் அளந்து கொடுப்பது வேண்டாம். கலப்படத்தால் வரும் அவப்பெயரை அறிந்த நாமே, கலப்படத்தை விலை கொடுத்து வாங்கலாமா? சரக்கு வண்டிக்கு வாங்கும்போது ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்து வைத்தால், வரவேண்டிய வரிப் பயனையும் அவர் பார்த்துக்கொள்வார்.

டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. சந்தில் வண்டி திருப்பும்போது இந்தப் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது ஆயில் கொதிக்கும், பம்ப் திணறும். ஐந்து எண்ணுவதற்குள் சற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், மலை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வரும் வழக்கம். என்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைப் பலமும் இரண்டொரு மிதியில் தீர்ந்துவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். நூறு ரூபாய் டீசலுக்காக ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைப் பணயம் வைப்பது வியாபாரம் அல்ல. இதை முதலாளிகளே சில சமயம் ஊக்குவிப்பதுண்டு. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

ஓட்டத்தில் பவர் போய்விட்டால் பதற்றம் வேண்டாம். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கும். கனம் மட்டும் பல மடங்கு கூடும். இரண்டு கையாலும் பலமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்ட வேண்டும். ஏற்காட்டில் நம் டிரைவர் செய்தது அதுவே.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். நம் டிரைவர் இன்றும் நம்மிடம்தான் இருக்கிறார். வண்டியில் ஸ்டியரிங் டப்பா மூடியிலும், பிரேக் டப்பா மூடியிலும் எந்த ஆயில் என்று அவர் கையாலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு சீட்டு: ஆயில் பெயர், கடைசியாக மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர். சரியான ஆயில் ஒரு லிட்டர் டப்பா எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். கல்லாவை விட்டு எழுந்து, டிரைவரைக் கூப்பிட்டு, பானட்டைத் திறக்கச் சொல்லி, அந்த இரண்டு டப்பாக்களையும் இருவரும் சேர்ந்து பாருங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் நாம் கற்றுக்கொள்வோம். தெரியாவிட்டால் இருவருமாகப் புத்தகத்தைப் பிரிப்போம்.